கண்ணில் பூ விழுவது ஏன்? கால்நடைகளின் கண்ணை நுண்ணோக்கி வழியே காண்போம்

உழவு மாடு நொண்டினால் அன்றே கவனிக்கிறோம். கறவை மாட்டின் மடி வீங்கினால் அன்று மாலையே மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். ஆனால் கண்ணில் நீர் வடிந்தால், "தூசி விழுந்திருக்கும், தானே சரியாகிவிடும்" என்று பல நாட்கள் விட்டுவிடுகிறோம். கண்ணில் பூ விழுந்த பிறகே மருத்துவரைத் தேடுகிறோம். அதற்குள் பார்வையைக் காப்பாற்றக்கூடிய காலம் பெரும்பாலும் கடந்து போயிருக்கும்.

கண் ஒரு சிறிய உறுப்பு. எனினும் அதன் ஒவ்வொரு படலமும் வெவ்வேறு வகையில் அமைந்துள்ளது. எந்தப் படலம் பழுதடைந்தது என்பதைப் பொறுத்தே நோய் குணமாகுமா, ஆகாதா என்பது அமைகிறது. ஆகவே கண்ணின் நுண்ணிய அமைப்பை ஓரளவு தெரிந்து கொள்வது, மாடும் ஆடும் கோழியும் வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

நுண்ணோக்கியில் காணும் முறை

இறந்த விலங்கின் கண்ணை ஃபார்மலின் போன்ற பதப்படுத்தும் நீர்மத்தில் இட்டு, பின்னர் மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டுவர். ஒரு சீவலின் கனம் ஏறத்தாழ 5 மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே ஒரு மைக்ரான் ஆகும். இச்சீவலுக்குச் சாயம் ஏற்றினால் செல்களின் உட்கருக்கள் நீல நிறத்திலும், மற்ற பகுதிகள் இளஞ்சிவப்பு நிறத்திலும் தெரியும். இவ்வாறு காணும்போது, வெறும் கண்ணுக்கு ஒரே கண்ணாடித் துண்டு போலத் தோன்றும் பகுதிகூடப் பல அடுக்குகளால் ஆனது என்பது விளங்கும்.

மூன்று உறைகள்

கண் விழியை மூன்று உறைகள் சூழ்ந்துள்ளன.

1. வெளியுறை: இதன் பெரும்பகுதி வெண்மையான, உறுதியான நார்களால் ஆனது. இதுவே வெண்விழிப் படலம். முன்பகுதி மட்டும் கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இதனை மருத்துவர்கள் கார்னியா என்பர். நாம் இதனைக் கருவிழிப் படலம் என்று அழைப்போம்.

2. நடுவுறை: இது இரத்தக் குழாய்களும் கருநிறச் செல்களும் நிறைந்தது. கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையும் இதன் ஒரு பகுதியே.

3. உள்ளுறை: இது ஒளியை உணரும் விழித்திரை ஆகும். இதிலிருந்து புறப்படும் பார்வை நரம்பு மூளையைச் சென்றடைகிறது.

இவற்றின் உள்ளே, கண்மணிக்குப் பின்னால் விழி ஆடி என்னும் லென்ஸ் உள்ளது. அதன் முன்பக்கத்தில் தெளிந்த நீரும், பின்பக்கத்தில் கூழ் போன்ற பொருளும் நிறைந்துள்ளன.

கருவிழிப் படலத்தின் நான்கு அடுக்குகள்

மாட்டின் கருவிழிப் படலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ளது. இதனை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளியிலிருந்து உள்ளே நான்கு அடுக்குகள் தெரியும்.

முதல் அடுக்கு மேல்தோல் போன்றது. பல வரிசைச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. நம் உடல் தோலில் உள்ளது போன்ற காய்ந்த கடினப்பகுதி இதில் இல்லை. கண்ணீரால் எப்பொழுதும் ஈரமாக இருந்தால்தான் இது நலமாக இருக்கும். நீரையும் நுண்ணுயிர்களையும் உள்ளே விடாமல் தடுப்பது இந்த அடுக்கின் வேலை.

இரண்டாவது அடுக்கே படலத்தின் பெரும்பகுதி. இதில் மெல்லிய நார்கள் ஒரே கனத்திலும் ஒரே இடைவெளியிலும், தறியில் பூட்டிய பாவு நூல் போல ஒழுங்காக அமைந்துள்ளன. ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை வேறு திசையில் ஓடுகிறது. இந்த ஒழுங்கினால்தான் ஒளி சிதறாமல் உள்ளே செல்கிறது. மேலும் இதில் இரத்தக் குழாய்களே இல்லை. வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தும், உணவுப் பொருளை உள்ளேயிருக்கும் நீரிலிருந்தும் இது பெறுகிறது.

மூன்றாவது அடுக்கு மெல்லிய, ஆனால் இழுவைத் தன்மையுள்ள ஒரு தாள் போன்றது. இதற்கு டெசிமெட் படலம் என்று பெயர்.

நான்காவது அடுக்கு ஒரே ஒரு வரிசைச் செல்களால் ஆனது. தேன்கூட்டின் அறைகள் போல அறுகோண வடிவில் இவை நெருக்கமாக அமைந்துள்ளன. கண்ணின் உள்ளே இருக்கும் நீர் நார் அடுக்கினுள் கசிந்து கொண்டே இருக்கும். அந்த நீரை இறைத்து வெளியேற்றுவது இச்செல்களின் வேலை. வயலில் தேங்கும் நீரை ஓயாமல் இறைக்கும் பம்புசெட்டுக்கு இவற்றை ஒப்பிடலாம். இச்செல்கள் பெருமளவில் அழிந்தால் அவற்றை ஈடு செய்யும் ஆற்றல் வளர்ந்த மாட்டிற்கு மிகக் குறைவு.

பூ விழுதல் என்பது என்ன?

மேற்கூறிய ஒழுங்கு எந்தக் காரணத்தாலாவது குலைந்தால் கருவிழிப் படலம் வெளுக்கிறது. இதையே நாம் பூ விழுதல் என்கிறோம். எல்லா வெண்மையும் ஒன்றல்ல. அவற்றை உழவர்கள் பிரித்தறிய வேண்டும்.

நீலம் கலந்த வெண்மை: மேல் அடுக்கு கிழிந்தோ, உள் வரிசைச் செல்கள் செயலிழந்தோ நார் அடுக்கில் நீர் ஏறியிருப்பதைக் குறிக்கும். நார்களின் இடைவெளி மாறுவதால் புகை படிந்த கண்ணாடி போலத் தோன்றும். காரணத்தை விரைவில் நீக்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மஞ்சள் கலந்த வெண்மை: சீழ் செல்கள் நார்களினூடே புகுந்துள்ளன என்று பொருள். இச்செல்களும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பொருள்கள் நார்களைக் கரைத்துவிடும். ஓரிரு நாட்களிலேயே புண் ஆழமாகி, கண் உடைந்து போகவும் கூடும். இது அவசர நிலை.

பீங்கான் போன்ற கெட்டியான வெண்மை: வலியும் நீர் வடிதலும் இன்றிப் பல வாரங்களாக மாறாமல் இருக்கும். இது ஆறிய புண்ணின் தழும்பு. புண் ஆறும்போது புதிய நார்கள் தாறுமாறாக உண்டாவதால் ஒளி உள்ளே செல்ல முடிவதில்லை. இந்தத் தழும்பை எந்தச் சொட்டு மருந்தும் முற்றிலும் கரைக்காது. இதற்கென்று விற்கப்படும் மருந்துகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

கண்மணிக்குள் தெரியும் வெண்மை: பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியில் பார்த்தால் முன்படலம் தெளிவாகவும், வெண்மை உள்ளேயும் தெரியும். இது விழி ஆடியில் ஏற்படும் புரை ஆகும். இது பூ அன்று.

வலி குறைந்தால் குணமாகிறது என்று எண்ணலாமா?

கருவிழிப் படலத்தில் வலியை உணரும் நரம்பு நுனிகள் பெரும்பாலும் மேற்பகுதியிலேயே உள்ளன. ஆகவே சிறு கீறல்கூட மிகுந்த வலி தரும். மாடு கண்ணை இறுக மூடிக் கொள்ளும். நீர் தாரையாக வடியும். வெளிச்சத்தைக் கண்டு தலையைத் திருப்பும். புண் ஆழமாகும்போது நரம்பு நுனிகள் அழிந்துவிடுவதால் வலி குறையக்கூடும். மாடு கண்ணைத் திறந்து பார்ப்பதைக் கண்டு நோய் தணிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் புண் டெசிமெட் படலம் வரை சென்றிருக்கலாம். அப்போது புண்ணின் நடுவில் ஒரு சிறு குமிழி போலப் புடைத்துத் தெரியும். இதன்மேல் சிறிது அழுத்தம் பட்டாலும் கண் உடைந்துவிடும். ஆகவே வலி குறைந்ததா என்பதை மட்டும் பார்க்காமல், வெண்மை பரவுகிறதா, நிறம் மஞ்சளாகிறதா, நடுவில் குழியோ குமிழியோ உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும்.

கண் புண்ணைக் கண்டறிய மருத்துவர்கள் ஃபுளோரசின் என்னும் சாயத்தைப் பயன்படுத்துகின்றனர். நலமான மேல் அடுக்கில் இச்சாயம் ஒட்டுவதில்லை. மேல் அடுக்கு உரிந்த இடத்தில் நார் அடுக்கு சாயத்தை உறிஞ்சிக் கொள்வதால் அவ்விடம் மட்டும் பசுமையாக ஒளிரும். சில நொடிகளில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யும்படி உழவர்கள் கேட்கலாம்.

புண் எவ்வாறு ஆறுகிறது?

மேல் அடுக்கு மட்டும் கீறப்பட்டிருந்தால், ஓரத்திலுள்ள செல்கள் தட்டையாகி நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடும். நுண்ணுயிர்கள் புகாமல் பார்த்துக் கொண்டால் சில நாட்களில் தழும்பின்றி ஆறிவிடும். புண் நார் அடுக்கை எட்டிவிட்டால் வெண்விழியின் ஓரத்திலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து வர வேண்டியுள்ளது. அவை முளைக்கச் சில நாட்கள் ஆகும். அதன் பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். ஆகவே நடுவில் உள்ள ஆழமான புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். பொறுமையாக மருந்திட வேண்டும். கண்ணில் சிவப்பு இழைகள் ஓடி வருவதைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடாது.

செய்யத் தகாதவை

உப்புத்தூள், சர்க்கரைத்தூள், சங்குப்பொடி, மென்ற புகையிலை, வெற்றிலை எச்சில் ஆகியவற்றைக் கண்ணில் ஊதும் அல்லது துப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நுண்ணோக்கி காட்டும் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இதன் தீமை விளங்கும். தூளின் கூரிய விளிம்புகள் நகர்ந்து வந்து கொண்டிருக்கும் இளம் செல்களை உரித்துவிடும். எச்சிலில் உள்ள நுண்ணுயிர்கள் திறந்த நார் அடுக்கில் நேராகக் குடியேறும். இவ்வாறு செய்த சில மாடுகளுக்குக் கண் தெளிவதுண்டு. அவை மேல் அடுக்கு மட்டும் கீறப்பட்டு, தாமாகவே ஆறக்கூடிய நிலையில் இருந்தவை. தூள் அவற்றின் வேதனையைக் கூட்டியதே தவிரக் குணமாக்கவில்லை.

கண்ணைச் சுற்றிச் சூடு போடுவதாலும் பயன் இல்லை. இமைத்தோல் சுருங்கிவிட்டால் கண்ணை முழுமையாக மூட முடியாமல் போகும். கண்ணீர் பரவாத இடத்தில் மேல் அடுக்கு காய்ந்து புதிய புண் உண்டாகும்.

எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக் கொள்ளவும். அது படலத்தின் உள்ளே ஊடுருவி, நாம் பம்புசெட்டுக்கு ஒப்பிட்ட உள் வரிசைச் செல்களைத் தாக்கும். இது பட்ட மனிதர்களுக்குப் பல நேரங்களில் வலி அதிகமின்றியே பார்வை மங்குவதைக் கண் மருத்துவர்கள் கண்டுள்ளனர். வேலியில் எருக்கு வெட்டும்போது மாட்டுக்கும் வெட்டுபவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மிக முக்கியமாக, முன்பு வேறொரு மாட்டுக்கு வாங்கி மீதமிருக்கும் கண் களிம்பை மருத்துவரைக் கேளாமல் இடக் கூடாது. அதில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தால் சிவப்பும் வீக்கமும் விரைவில் குறையும். ஆனால் புண் உள்ள கண்ணில் அது செல்கள் நகர்ந்து மூடுவதைத் தடுக்கும். நார்கள் கரைவதை விரைவுபடுத்தும். டியூபின் மேல் எழுதியிருப்பதை மருந்தகத்தில் காட்டிக் கேட்டறிவது நலம்.

முதலுதவி

1. மாட்டைத் தலைக்கயிற்றால் கட்டி, தலையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கவும். கையை நன்கு கழுவிக் கொள்ளவும்.

2. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் சுத்தமான உப்பைக் கரைத்து வடிகட்டவும். இது கண்ணீரின் உப்புச் செறிவுக்கு ஏறத்தாழ ஒத்தது. உப்பை எடை போட்டே சேர்க்கவும். எடை போட வசதியில்லையெனில் கொதித்து ஆறிய நீரே போதும்.

3. ஊசி நீக்கிய சிரிஞ்சியில் நீரை எடுத்து, மெதுவாகக் கண்ணில் பாய்ச்சிப் பீளையையும் தூசியையும் கழுவவும்.

4. வைக்கோல் துரும்போ நெல் சுணையோ மிதந்து தெரிந்தால் நனைந்த சுத்தமான துணி நுனியால் அகற்றலாம். படலத்தில் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது.

5. மாட்டை இருளடைந்த கொட்டகையில், தூசியில்லாத இடத்தில், மரத்திலோ தூணிலோ கண்ணைத் தேய்க்காதபடி கட்டவும். அன்றே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்கவும்.

ஒரே சமயத்தில் பல மாடுகளுக்குக் கண் சிவந்து நீர் வடிந்தால் அது தொற்றுக் கண் நோயாக இருக்கலாம். மொராக்செல்லா போவிஸ் என்னும் நுண்ணுயிர் இதற்கு முக்கியக் காரணம். இது மெல்லிய இழைகளால் கருவிழிப் படலத்தின் செல்களைப் பற்றிக் கொண்டு, நஞ்சு சுரந்து அவற்றைக் கொல்லும். கடும் வெயில், தூசி, காய்ந்த புல்லின் உராய்வு, ஈக்கள் ஆகியவை இது பரவ உதவுகின்றன. நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுவதும், சாணக் குவியலைத் தொழுவத்திலிருந்து தள்ளி வைத்து ஈக்களைக் குறைப்பதும் பயன் தரும்.

மூன்றாம் இமையும் கண் புழுக்களும்

மேல் இமை, கீழ் இமை ஆகியவற்றோடு கால்நடைகளுக்கு மூன்றாவது இமை ஒன்றும் உண்டு. மூக்குப் பக்கத்து மூலையில் மடிந்திருக்கும் இதன் நடுவில் ஒரு குருத்தெலும்புத் தகடும், அதனைச் சுற்றிக் கண்ணீர் சுரக்கும் சுரப்பியும் உள்ளன. இதன் உட்பக்கத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக அமைந்துள்ளன. விழியைத் துடைத்துக் காப்பது இதன் பணி.

இந்த மறைவிடத்தில்தான் நெல் சுணையும் தங்கும். தெலேசியா என்னும் கண் புழுவும் வாழும். இப்புழு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள வெள்ளை நூல் போன்றது. இதன் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் அரத்தின் பற்கள் போன்ற வரிகள் தெரியும். புழு நெளியும்போது அவை கருவிழிப் படலத்தை உராய்கின்றன. கண்ணீரைச் சுவைக்கும் ஈக்கள் இதன் இளம் புழுக்களை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டு செல்கின்றன. எத்தனை மருந்திட்டும் நீர் வடிதல் நிற்கவில்லையெனில் மூன்றாம் இமையின் அடியில் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். புழுவை அகற்றாமல் புண் ஆறாது.

குதிரைகளிலும், சில வேளைகளில் மாடுகளிலும், கருவிழிப் படலத்திற்குப் பின்னால் உள்ள நீரில் ஒரு வெள்ளைப் புழு நீந்துவதைக் காணலாம். இது செட்டேரியா என்னும் வேறு இனம். இதனைக் கொசுக்கள் பரப்புகின்றன. இது கண்ணின் உள்ளே இருப்பதால் கழுவி வெளியேற்ற முடியாது. மருத்துவர் சிறு அறுவைச் சிகிச்சையால் எடுக்க வேண்டும்.

மூன்றாம் இமை மற்றொரு செய்தியையும் கூறும். காயம்பட்ட, காயடித்த அல்லது லாடம் கட்டிய விலங்கின் இரு கண்களிலும் மூன்றாம் இமை திரை போல முன்னே வந்து, உடலும் விறைத்திருந்தால் அது ரண ஜன்னியாக இருக்கலாம். இது கண் நோய் அன்று. சிறிதும் காலந்தாழ்த்தக் கூடாது.

மூன்றாம் இமையிலோ, கருவிழியும் வெண்விழியும் சேரும் ஓரத்திலோ சிறு வெண்படையோ பரு போன்ற சதையோ வளர்ந்தால் அது புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். கண்ணைச் சுற்றிக் கருநிறச் செல்கள் குறைந்து, தோல் வெளுத்துள்ள மாடுகளில் இது மிகுதி. வெண்முகம் கொண்ட ஹியர்ஃபோர்டு இனம் இதற்குப் பேர்போனது. பயறு அளவில் இருக்கும்போதே காட்டினால் அறுத்து நீக்கிக் கண்ணைக் காப்பாற்றலாம்.

இமைச் சவ்வு காட்டும் இரத்தசோகை

இமையின் உட்புறத்தை மூடும் சவ்வு மிக மெல்லியது. அதன் செல் வரிசைக்கு அடியிலேயே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தோலிலும் உரோமத்திலும் மறைந்திருக்கும் இரத்தத்தின் நிறம் இங்கு நேராகத் தெரிகிறது. ஆடுகளின் நான்காம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப் புழு மிகுந்தால் கீழ் இமையின் உட்புறம் வெளுத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதனை அடிப்படையாகக் கொண்டு 5 நிறப்படிகள் உள்ள ஓர் அட்டை உருவாக்கப்பட்டது. அடர்சிவப்பு முதல் வெள்ளை வரை உள்ள இப்படிகளோடு இமையின் நிறத்தை ஒப்பிட்டு, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பர். இதனால் மருந்துச் செலவு குறைவதோடு, புழுக்கள் மருந்துக்குப் பழகிப் போவதும் தள்ளிப் போகிறது. ஆனால் கண் நோயுற்ற ஆட்டில் வீக்கத்தால் சவ்வு சிவந்திருக்கும். அதனை நலம் என்று எண்ணி ஏமாறக் கூடாது. சவ்வும் வெண்விழியும் மஞ்சளாக இருந்தால் காமாலை எனக் கொள்ளவும்.

கண்மணியும் விழி ஆடியும்

மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றின் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அதன் விளிம்பில், சிறப்பாக மேல் விளிம்பில், கறுப்பான சிறு மணிகள் தொங்குவதைக் காணலாம். இவை நிறத்திரையின் கருநிறச் செல்களின் இயற்கையான மடிப்புகளே. கடும் வெயிலில் கண்ணுக்கு நிழல் தருவது போல உதவுகின்றன. சந்தையில் இதனைக் கட்டி என்று கூறி விலையைக் குறைக்க முயன்றால் ஏமாற வேண்டாம்.

விழி ஆடியிலும் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் ஓரத்தில் புதிய செல்கள் வாழ்நாள் முழுவதும் உண்டாகி, நீண்ட இழைகளாகிப் பழையவற்றை நடுவே தள்ளுகின்றன. உதிர்ந்து வெளியேற வழியில்லை. மரத்தின் வைரம் போல நடுப்பகுதி வயது ஏற ஏற இறுகும். கிழ மாட்டின் கண்மணியில் தெரியும் இளநீல மங்கல் பெரும்பாலும் இதுவே. பார்வை அவ்வளவாகக் குறைவதில்லை. விழி ஆடியின் இழைகள் சிதைந்து வெண்ணிறமாவதே புரை.

விழித்திரையும் ஒளிரும் படலமும்

இரவில் மாட்டின்மேல் டார்ச் அடித்தால் கண்கள் பச்சையும் நீலமுமாய் ஒளிர்கின்றன. பன்றியின் கண் அவ்வாறு ஒளிர்வதில்லை. ஏன்? மாடு, ஆடு, குதிரை ஆகியவற்றில் விழித்திரைக்குப் பின்னால், நடுவுறையில், நார்கள் அடுக்கடுக்காக அமைந்த ஒரு பளபளப்பான படலம் உள்ளது. நாய், பூனை ஆகியவற்றில் இதே வேலையை நார்களுக்குப் பதில் செல்கள் செய்கின்றன. பன்றியில் இப்படலமே இல்லை. ஆட்டுத் தலையை வாங்கிச் சமைக்கும் வீட்டில் கண்ணை இரண்டாக வெட்டிப் பார்த்தால், உட்புறத்தில் மயில்கழுத்து நிறத்தில் இது மின்னுவதைக் காணலாம்.

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகைப்படும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். பகல் ஒளியில் நிறங்களைப் பிரித்தறிபவை கூம்பு செல்கள். மாட்டில் குச்சி செல்களே மிகப் பெரும்பான்மை. கூம்பு செல்களில் மனிதனுக்கு மூன்று வகை உண்டு. மாட்டுக்கு இரண்டு வகையே உண்டு. ஆகவே சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டை அது சரியாக உணராது. சிவப்புத் துணியைக் கண்டு மாடு மிரள்கிறது என்பது சரியன்று. துணி அசைவதே அதனை மிரட்டுகிறது.

ஒருமுறை உட்சென்ற ஒளி, ஒளிரும் படலத்தில் பட்டுத் திரும்பி, மீண்டும் ஒருமுறை குச்சி செல்களைத் தூண்டுகிறது. எனவே அந்தி நேரத்தில் மாட்டின் பார்வை நம் பார்வையைவிடக் கூர்மையானது. நமக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே கன்று முளைக்குச்சியிலும் தொட்டியிலும் இடித்துக் கொண்டால், அதன் கண்ணில் குறை உண்டு என்று உறுதியாக எண்ணலாம்.

மாலைக்கண்: காலம் தாழ்த்தினால் மீளாது

குச்சி செல்லின் நுனியில் நாணயங்களை அடுக்கியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் உள்ளன. இவற்றில் ரோடாப்சின் என்னும் நிறப்பொருள் உள்ளது. இது புரதமும், உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து கிடைக்கும் பொருளும் சேர்ந்து உண்டாவது. உயிர்ச்சத்து ஏ பார்வையில் ஆற்றும் இப்பணியை விளக்கியதற்காக ஜார்ஜ் வால்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1967-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்து கொண்டார்.

பசுந்தீவனத்தில் உள்ள கரோட்டின் என்னும் பொருளிலிருந்து மாடு இச்சத்தைத் தயாரித்து ஈரலில் சேமித்துக் கொள்கிறது. வெயிலில் வெளுத்த வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் கரோட்டின் மிகக் குறைவு. வளர்ந்த மாடு ஈரலின் சேமிப்பைக் கொண்டு சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். கன்றுக்கு அச்சேமிப்பு இல்லை. அது பெரும்பாலும் சீம்பாலிலிருந்தே முதல் சேமிப்பைப் பெறுகிறது. நீண்ட வறட்சியில் பசுமையே காணாத சினை மாடு குருட்டுக் கன்றை ஈனுவதும் உண்டு.

உயிர்ச்சத்து ஏ குறையும்போது முதலில் நிறப்பொருள் குறைந்து மாலைக்கண் ஏற்படுகிறது. இந்த நிலையில் மருத்துவர் உயிர்ச்சத்து ஊசி போட்டு, பசுந்தீவனமும் கொடுத்தால் பார்வை திரும்பும். ஆனால் வளரும் கன்றில் குறை நீடித்தால் மண்டையோட்டு எலும்பு தடித்து, பார்வை நரம்பு வெளியேறும் துளை குறுகிவிடும். நரம்பு நசுங்கி அதன் இழைகள் அழியும். அப்போது கண்மணி விரிந்தபடியே நிற்கும். வெளிச்சம் காட்டினாலும் சுருங்காது. இந்தக் கன்றுக்கு எத்தனை ஊசி போட்டாலும் பார்வை மீளாது. குச்சி செல்லின் குறை நீங்கும். நரம்பின் அழிவு நீங்காது.

எனவே கோடையில் வாரம் ஒருமுறை அந்தி வேளையில் கன்றைப் பழக்கமில்லாத இடத்தில், சில தடைகளை வைத்து, நடத்திப் பார்க்கவும். அகத்தி, வேலிமசால், குதிரைமசால், சவுண்டல், முருங்கைத் தழை ஆகியவற்றில் கிடைப்பதை நாள்தோறும் சிறிதளவேனும் கொடுக்கவும். கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ சில அகத்தி மரங்கள் இருந்தால் கன்றுகளுக்கு உதவும். பிறந்த கன்றுக்குச் சீம்பாலைத் தவறாமல் ஊட்டவும்.

கோழியின் கண்

கோழியின் விழித்திரையில் நான்கு வகைத் தனிக் கூம்பு செல்கள் இருப்பதால் அது நம்மைவிட மிகுதியான நிறங்களைக் காணும். குச்சி செல்கள் குறைவாகையால் இருட்டில் அதன் பார்வை மங்கும். கோழிப் பண்ணையாளர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஆழ்கூளம் ஈரமானால் எழும் அம்மோனியா வாயு கருவிழிப் படலத்தின் மேல் அடுக்கை எரித்துவிடும். கொட்டகையில் நுழையும்போது நம் கண் எரிந்தால் கோழியின் கண் ஏற்கெனவே கெட்டுக் கொண்டிருக்கிறது என்று பொருள். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பியின் ஈரமான செல்கள் காய்ந்த தோல் செல்களாக மாறி, இமைக்குள் தயிர்க்கட்டி போன்ற பொருள் சேரும். நிறத்திரை சாம்பல் நிறமாகிக் கண்மணியின் விளிம்பு ஒழுங்கற்றுப் போனால் அது மேரக் நோயாக இருக்கலாம். நிறத்திரையினுள் புற்றுச் செல்கள் புகுவதே இதற்குக் காரணம். இதற்குச் சிகிச்சை இல்லை. குஞ்சு பொரித்த அன்றே தடுப்பூசி போட்ட குஞ்சுகளை வாங்குவதே வழி.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கண்ணை மூடி நீர் வடிக்கும் மாட்டை அன்றே காட்டவும்.

2. மஞ்சள் கலந்த வெண்மையும் நடுவில் குழியும் அவசர அறிகுறிகள்.

3. தூள், எச்சில், சூடு, மீதமுள்ள ஸ்டீராய்டு களிம்பு ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

4. மருந்துக்கு அடங்காத நீர் வடிதலில் மூன்றாம் இமையின் அடியில் பார்க்கச் சொல்லவும்.

5. ஆட்டின் கீழ் இமையைத் திருப்பி நிறம் பார்க்கப் பழகவும்.

6. கோடையிலும் கன்றுக்குப் பசுந்தழை கொடுக்கவும்; அந்தியில் நடத்திப் பார்க்கவும்.

கண்ணின் சில பகுதிகள் தாமே புதுப்பித்துக் கொள்ளும். சில பகுதிகள் ஒருமுறை அழிந்தால் திரும்பி வாரா. முதல் நாளின் சிறு கீறலுக்கும் பத்தாம் நாளின் பூவுக்கும் இடையேயுள்ள காலத்தை உழவர்கள் நன்கு பயன்படுத்திக் கொண்டால், கால்நடைகளின் பார்வையையும் அவற்றின் மதிப்பையும் காத்துக் கொள்ளலாம்.